நகலுக்கு வைத்த மஞ்சள்

அசல் பாஸ்போர்ட் என் கையில் இருந்தது. அதில் என் போட்டோ இருந்தது, என் கையெழுத்து இருந்தது, அரசாங்கத்தின் சிங்க முத்திரை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அதைப் பார்த்து எடுத்த நகலைத்தான் கேட்டார்கள். அந்த நகல் பொய் சொல்லவில்லை என்று ஒரு நோட்டரி வக்கீல் முத்திரை குத்த வேண்டும். வக்கீல் பொய் சொல்லவில்லை என்று சென்னையில் ஓர் அலுவலகத்தில் இன்னொரு முத்திரை. சென்னைக்காரரை நம்பலாம் என்று பம்பாயில் இருக்கும் வளைகுடா நாட்டுத் தூதரக ஆட்கள் மூன்றாவதாக ஒன்று. இதையெல்லாம் என் கணவர் கடிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்தபோதுகூட என்னைப் பற்றி இத்தனை பேரிடம் யாரும் விசாரிக்கவில்லை.

சிரித்தேனே தவிர அந்தக் கடிதத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். வியர்வையில் மை கலங்கும் அளவுக்கு வைத்திருந்தேன்.

அவர் வளைகுடாவில் வெல்டர். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்து வாழ்ந்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு குறுவை விளைகிற காலம்கூடத் தேறாது. தாலி கட்டிய கையோடு போனவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த முதல் வாரம் வெட்கத்தில் போகும், கடைசி வாரம் அழுகையில் போகும், நடுவில் இருப்பதுதான் குடித்தனம். எனக்கு அவர் வேண்டும். இதை நாசூக்காகச் சொல்ல அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. சைக்கிளில் முன்னால் பெண்டாட்டியை உட்காரவைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் எவனாவது போனால் எனக்கு வயிறு எரியும். அவன் குடிகாரனாக இருந்தாலும் எரியும்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, கடலை நோக்கிப் போகிற பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் என் மாமியார். மாமனார் அறுவடைத் தகராறில் செங்கொடி பிடித்துச் சிறைக்குப் போனவர். திரும்பி வந்து கொஞ்ச நாளில் இருமி இருமியே போய்விட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் குடிசைகள் எல்லாம் மிராசுதாரின் மண்ணில் நின்றன. ஒருமுறை நடவு வேலைக்கு வெளியூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பம், தங்கள் குடிசை இருந்த இடத்தில் வரிசையாக வாழைக்கன்று நிற்பதைப் பார்த்தது. கேட்டதற்கு, அங்கே எப்போதும் வாழைதான் என்று பதில் வந்தது. பிறகு சட்டம் வந்து, குடியிருந்தவர்களுக்கே அந்தத் துண்டு மண்ணுக்குப் பட்டா கிடைத்தது. ஆட்சி மாறியது, தாலுகா ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த படம் மாறியது, பட்டா மாறவில்லை. ஆனாலும் அத்தை அந்த வீட்டை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்க மாட்டார். சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கே பாபநாசம் போய்விட்டு, தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறி வந்தவர்.

"பட்டா பொட்டியில கெடக்குது. ஆளு வீட்ல கெடக்கணும்" என்பார்.

அதனால் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. கம்பெனியில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இரண்டு அறை உள்ள குவார்ட்டர்ஸ் தருவார்கள். அதில் ஒன்று காலியாகப் போகிறது என்றும், ரம்ஜான் நோன்புக்கு முன்னால் என் பாஸ்போர்ட் நகல் மூன்று முத்திரையோடு வந்து சேர்ந்தால் அது எங்களுக்கு என்றும், பிந்தினால் வரிசையில் அடுத்த ஆளுக்கு என்றும் அவர் எழுதியிருந்தார். கல்யாணப் பத்திரத்தை முந்தைய லீவிலேயே முடித்துக் கொண்டுபோயிருந்தார். மிச்சம் இந்த நகல் ஒன்றுதான்.

முதலில் யாரிடம் போவது என்றே தெரியவில்லை. முன்பெல்லாம் எதற்கும் கிராம முன்சீப் ஒரு கையெழுத்துப் போடுவார். பரம்பரை முன்சீப் எல்லாம் இனி இல்லை என்று அரசாங்கம் எடுத்துவிட்டது. நல்ல காரியம்தான், ஆனால் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் போயிற்று. பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி நம் பக்கத்தில் ஒரே ஆள், மாட்டு டாக்டர்தான் என்று தெருவில் சொன்னார்கள். போனேன். எனக்கு முன்னால் காளை ஒன்று நின்றது. அதன் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அன்பாகத்தான் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். மன்னார்குடி டிராவல்ஸ் ஏஜெண்டு அதைப் பார்த்துவிட்டு, "இது காலேஜுல சேரத்தான் செல்லும்மா. கடல் தாண்டிப் போவாது. நோட்டரிகிட்ட போங்க" என்றார்.

நோட்டரி வக்கீலின் அறை கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்போது மன்னார்குடியில் இருந்த போட்டோஸ்டாட் மெஷினில் என் முகம் அடிப்பிடித்த சட்டி மாதிரி விழுந்திருந்தது.

"இது நீங்கதானாம்மா?"

"அசல்ல இருக்கறது நான்தாங்க. நகல்ல யாருன்னு எனக்கும் தெரியலைங்க."

அவர் சிரிக்கவில்லை. தஞ்சாவூரில் போய் நல்ல மெஷினில் எடுத்து வரச் சொன்னார். மறுநாள் பால்வாடிக்கு லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு ஓடினேன். அந்த மெஷின் என் மூக்குத்தியைக்கூட விடாமல் எடுத்தது. வக்கீல் திருப்தியாகத் தலையாட்டி, தாளின் கீழ்மூலையில், பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழும்படி, ஊதா மையில் வட்ட முத்திரை குத்தினார். பக்கத்தில் கையெழுத்து. அந்த முத்திரை விழுந்த சத்தம் எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது. முதல் கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

"எது தலமாடு, எது கால்மாடு?" என்று கேட்டார். காட்டினேன். முத்திரையை விரல் படாமல் சுற்றிப் பார்த்தார்.

"இதுதான் உன்னக் கூட்டிக்கிட்டுப் போற கடுதாசியா?"

"இன்னும் ரெண்டு முத்திரை இருக்கு அத்தே. நாளைக்கு மெட்ராஸ்."

"ம்" என்றார்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், நகல் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். ஒவ்வொரு மஞ்சள் மேலும் ஒரு பொட்டுக் குங்குமம். நடுவில் ஒரு செம்பருத்திப் பூ. எனக்குத் தப்பாகவே படவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு நிறைந்து போயிற்று. பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன், தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் மஞ்சள் படாமல் வீட்டுக்குள் இருக்கிற கடுதாசி கருமாதிப் பத்திரிகைதான். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறோம், புதுக் கணக்குக்கு வைக்கிறோம். பட்டா வந்த அன்றைக்கும் அத்தை வைத்திருக்கிறார். நான் பத்தாவது வரை படித்தவள், தினமும் பேப்பர் பார்ப்பவள். என் மண்டையிலும் ஒரு மணி அடிக்கவில்லை.

சென்னை அலுவலகத்தில் வரிசை படிக்கட்டுக்கு வெளியே வரை நின்றது. பெரும்பாலும் ஆண்கள். என் முறை வந்து, உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் வயதானவர், நெற்றியில் விபூதி. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஈர மஞ்சள் தாளுக்குள் ஊறி, வட்ட முத்திரையின் மை கலங்கி, வக்கீல் கையெழுத்தின் வால் வரைக்கும் ஓடியிருந்தது. வீட்டில் பார்த்தபோது அது இப்படித் தெரியவில்லை.

"யாரும்மா இதத் தடவுனது?"

"மாமியாருங்க. மங்கலத்துக்கு."

அவர் தாளைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்லயும் வைப்பாங்கம்மா. எனக்குப் புரியுது. ஆனா இது போய்ச் சேர்ற எடத்துல இருக்கறவனுக்கு இது மஞ்சள் இல்ல, கறை. முத்திரையைத் திருத்தியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை எழுதிட்டான்னா உங்க பேருக்கே விசா வராது. புதுசா எடுத்துட்டு வாங்க."

"இன்னிக்கே வேணுங்க. நோன்புக்கு முந்திப் போய்ச் சேரணுங்க."

"நோட்டரி முத்திரை இல்லாம நான் எதுக்கு மேல முத்திரை குத்தறது, சொல்லுங்க."

அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. யார் மேலாவது குற்றம் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் திரும்பும் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டும் வரை அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வந்து மறுபடி ஓடினேன். வக்கீல் குடும்பத்தோடு கோயில் யாத்திரை போயிருந்தார். அவர் திரும்பிவந்து முத்திரை குத்தி, நான் சென்னை போய் வாங்கி, ஏஜெண்டு பம்பாய்க்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வருவதற்குள் நோன்பு தொடங்கிவிட்டது. குவார்ட்டர்ஸ் மலையாளத்துக்காரர் ஒருவருக்குப் போயிற்று. "கவலைப்படாதே, அடுத்த வருஷம் இன்னொன்று காலியாகும், அப்போது நகலும் புதிதாகக் கேட்பார்கள்" என்று என் கணவர் எழுதியிருந்தார். அடுத்த வருஷம் என்பதை அவர் மிகச் சாதாரணமாக எழுதியிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தெருவில் பேச ஆரம்பித்தார்கள். மருமகள் போய்விட்டால் மகன் கைவிட்டுப் போய்விடுவான் என்று கிழவி தெரிந்தேதான் தடவியிருக்கும் என்று குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். எனக்கு மனசுக்குள் வைத்துப் புழுங்கத் தெரியாது. குடத்தை இறக்கி வைத்த கையோடு அத்தையிடம் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"பட்டாவுக்கு வச்சேன், நின்னுச்சு. இதுவும் நிக்கட்டும்னு வச்சேன். எனக்கு வேற என்ன தெரியும் புள்ள" என்றார்.

அதற்குமேல் என்ன கேட்பது? அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் நான். அவரைத் திட்டினால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை இரண்டு பேரும் ஒரே சட்டியில் பிசைந்து சாப்பிட்டோம்.

அந்த ஒரு வருஷத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்து வருவதைப் பார்க்க ஊரே ஓடும், நானும் ஓடுவேன். வறண்ட மண் முதல் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நிற்கும்போது திடீரென்று எனக்கு உடம்பெல்லாம் வலிக்கும். நாற்று பறித்தார்கள், நட்டார்கள், களை எடுத்தார்கள். கோடியக்கரைப் பக்கம் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தான். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வருகிறதுகள், அதுகளிடம் யாரும் நகல் கேட்பதில்லை என்று அவருக்கு எழுதினேன். விளையாட்டாகத்தான் எழுத ஆரம்பித்தேன், கடைசியில் விளையாட்டாக முடியவில்லை. அவர் சட்டை ஒன்று என்னிடம் இருந்தது. துவைக்காமல் வைத்திருந்தேன். வாசனை போய்விட்ட பிறகும் துவைக்கவில்லை.

அடுத்த வருஷம் சொன்னபடி ஒரு குவார்ட்டர்ஸ் காலியாயிற்று. புது நகல் எடுத்து வக்கீலிடம் போகக் கிளம்பினேன். அத்தை வாசலில் நின்றுகொண்டு, "முத்திரை குத்துனதும் அப்படியே மெட்ராஸ் பஸ் ஏறிடு. வீட்டுக்குக் கொண்டாராத. எனக்குக் கை நமநமன்னும்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தார்.

அப்படியே செய்தேன். விபூதி வைத்த பெரியவர்தான் இந்தமுறையும் கவுண்டரில் இருந்தார். என்னை ஞாபகம் இல்லை. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் குத்தி நீட்டினார். பம்பாய் முத்திரையும் வந்தது, விசாவும் வந்தது. பால்வாடி வேலையை விட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு பூவரசம்பூ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கிளம்புகிற அன்று ரோடு வரைக்கும் அத்தை வந்தார். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றோம். நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்கக்கூட முடியாத சந்தோஷம். அவருக்காகக் கொஞ்சம் முகத்தை அடக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அத்தை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவன் லீவுல வந்தா நான் வாசப் பந்தல்ல படுத்துக்குவேன்ல. ஒத்த ரூமு வீடு, வேற எங்க போறது. செவுத்துக்கு அந்தாண்ட நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பீங்க. என்ன பேசுறீங்கன்னு நான் காது குடுத்ததில்ல, சத்தியமா. அவன் கொரலு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். அதக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"எங்கிட்ட என்ன பேசுவான். சாப்புட்டியா, மருந்து குடிச்சியா, அவ்வளவுதான். கேசட்டுல பேசி அனுப்புனாலும் அதான். உங்கிட்டதான் அவன் பேசவே செய்வான். இனிமே லீவு கெடைச்சாலும் நீ அங்க இருக்கறப்ப அவன் எதுக்கு அடிச்சுப் புடிச்சு ஓடியாரப் போறான். அது சரிதான். புருசன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கணும். அந்தக் கொரலுதான் எனக்குத் தேடும்."

"வருவோம் அத்தே, ரெண்டு பேரும் வருவோம்" என்றேன். ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை. பஸ் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "ஜன்னலோரமா ஒக்காரு, வாந்தி வரும்" என்றார்.

என் கணவர் அங்கே விமான நிலையத்தில் காத்திருந்தார். கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு கேஸ் அடுப்பு, வேலை முடிந்து கதவைத் தட்டுகிற புருஷன். ஏ.சி. ஓடுவதால் ஜன்னல்களை எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். அவர் சமைப்பார், நான் குறை சொல்வேன், பேச்சு ஓயவே ஓயாது. ஐந்தாறு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டு, சின்ன வயதில் மதகில் குதித்து நீந்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு, அடியிலிருந்து வருகிற குரல். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் என்னையறியாமல் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன, காது கேக்கலையா?" என்றார்.

"கேக்குது. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

"பக்கத்துலதான படுத்திருக்க. எதுக்குச் சத்தமா?"

சொன்னேன். அத்தை மதகில் நின்று சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் பேசவே இல்லை.